40 ஹெர்ட்ஸ் லைட் வீடியோ உண்மையா? பின்மண்டையில ஓடுற மின் அலையை எப்படி அளக்குறாங்கன்னு முதல்ல பார்ப்போம்

வாட்ஸப்லயும் யூட்யூப்லயும் ஒரு விஷயம் சுத்திட்டே இருக்கு. செகண்டுக்கு 40 தடவை மினுக்குற லைட்டை தினமும் ஒரு மணி நேரம் பார்த்தா மூளையில காமாங்கிற வேகமான மின் அலை ஏறும், ஞாபகத்தை அழிக்குற அல்சைமர் நோய் வராது, வந்திருந்தாலும் குறையும்னு. கூடவே கறுப்பும் வெள்ளையுமா மினுக்குற ஒரு வீடியோவையும் ஒட்டி விட்டுடறாங்க. இது முழுக்க கட்டுக்கதைன்னு தள்ளவும் முடியாது, ஏன்னா பின்னாடி நிஜமாவே அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வு ஒண்ணு இருக்கு. ஆனா அந்த ஆய்வு எலியில பார்த்ததுக்கும் இந்த வீடியோ நம்மகிட்ட சொல்றதுக்கும் ரொம்ப தூரம். அந்த தூரம் எவ்வளவுன்னு புரியணும்னா "மூளையில காமா ஏறிடுச்சு"ன்னு ஒருத்தர் சொல்றப்ப அவர் எதை, எங்க வெச்சு, எப்படி அளந்தார்னு தெரியணும். அதனால கீழ இருந்து ஒவ்வொண்ணா வருவோம்.

அலை எங்க இருந்து வருது

கண்ணுல விழுற வெளிச்சம் விழித்திரையில மின் சிக்னலா மாறி, பார்வை நரம்பு வழியா தலாமஸ்னு மூளையோட நடுவுல இருக்கற ஒரு ஜங்ஷனுக்குப் போய், அங்க இருந்து பின்மண்டைக்குப் போகுது. கண்ணு முன்னாடி இருக்கு, பார்க்குற வேலை நடக்குறது தலைக்குப் பின்னாடி. அந்தப் பகுதிக்கு ஆக்ஸிபிட்டல் லோப்னு பேரு, அதுல முதல்ல சிக்னல் வந்து இறங்குற இடம்தான் முதன்மைப் பார்வைப் புறணி (புறணின்னா மூளையோட வெளி அடுக்கு).

ஒரு நரம்பு செல் படக்குன்னு சிக்னல் விடறது சுமார் ஒரு மில்லிசெகண்டுல முடிஞ்சிடும், அது மண்டையோட்டுக்கு வெளிய தெரியவே தெரியாது. வெளிய தெரியறது வேற ஒண்ணு: செல்லுக்குள்ள மத்த செல்கள்ல இருந்து சிக்னல் வந்து சேர்றப்ப மெதுவா ஏறி இறங்குற வோல்டேஜ். புறணியில பிரமிட் வடிவ செல்கள் நாத்து நட்ட வயல் மாதிரி பக்கத்துப் பக்கத்துல ஒரே திசையில நிக்குது, அதனால அந்த சின்னச் சின்ன வோல்டேஜ் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கூடும். ஆனா அதுவும் ஒரே தாளத்துல ஏறி இறங்கினாத்தான். தேர் வடம் மாதிரின்னு வெச்சுக்கோங்க, ஆயிரம் பேர் வடத்தைப் பிடிச்சாலும் ஆளாளுக்கு ஒரு நேரத்துல இழுத்தா தேர் நகராது, ஒரே மூச்சுல இழுத்தாத்தான் அசையும். பின்மண்டையில நமக்கு ஒரு அலை தெரியுதுன்னா உள்ள லட்சக்கணக்குல செல்கள் சேர்ந்து இழுக்குதுன்னு அர்த்தம். அலை தெரியலைன்னா வேலை நடக்கலைன்னு அர்த்தம் இல்ல, சேர்ந்து நடக்கலைன்னுதான் அர்த்தம். இந்த வித்தியாசத்தை மறந்துட்டுதான் நிறைய பேர் தலைப்பு போடறாங்க.

அளவு எவ்வளவுன்னா, தலைத்தோல் மேல 10ல இருந்து 100 மைக்ரோவோல்ட். சுவர்க் கடிகாரத்துல போடுற பென்சில் பேட்டரி 1.5 வோல்ட், அதை 30,000 பங்கா பிரிச்சா ஒரு பங்கு 50 மைக்ரோவோல்ட், நாம தேடுறது அந்த சைஸ். நெஞ்சுல எடுக்குற ஈசிஜி ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட், அதாவது இதைவிட 20 மடங்கு பெருசு.

போதாக்குறைக்கு இந்த ஏரியாவுக்கே ஒரு தொல்லை உண்டு. முதன்மைப் பார்வைப் புறணி பெரும்பாலும் கால்கரைன்னு ஒரு ஆழமான மடிப்போட ரெண்டு சுவர்லயும் ஒளிஞ்சுட்டு இருக்கு. மேல் சுவர்ல இருக்கற செல்கள் கீழ பார்த்து நிக்கும், கீழ் சுவர்ல இருக்கறது மேல பார்த்து நிக்கும், ரெண்டும் ஒரே நேரத்துல வேலை செஞ்சா ஒண்ணோட வோல்டேஜை இன்னொண்ணு அடிச்சுடும். நம்ம பார்வையில மேல் பாதி ஒரு சுவருக்கும் கீழ் பாதி இன்னொரு சுவருக்கும் போறதால, ஆராய்ச்சிக்காரங்க சில சமயம் படத்தை ஸ்க்ரீனோட கீழ் பாதியில மட்டும் காட்டுறாங்க. ஒரு சுவரை மட்டும் எழுப்பி விடற தந்திரம்.

தலையில எலக்ட்ரோட் ஒட்டுறது

தலைத்தோல் மேல இருந்து மூளை அலையைப் பதிவு பண்ற டெஸ்டுக்கு ஈஈஜின்னு பேரு. நம்ம ஊர் ஆஸ்பத்திரியில ஈஈஜி எழுதிக் குடுத்தா முதல்ல சொல்றது தலைக்குக் குளிச்சுட்டு வாங்க, எண்ணெய் வைக்காதீங்க. காரணம் இருக்கு, எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது, 50 மைக்ரோவோல்ட்டைத் தேடுற இடத்துல ஒரு எண்ணெய்ப் படலமே பெரிய சுவர்.

டெக்னீஷியன் இஞ்ச் டேப்பை எடுத்து ரெண்டு புருவத்துக்கு நடுவுல மூக்கு தொடங்குற பள்ளத்துல இருந்து, உச்சி வழியா, பின்மண்டையில கை வெச்சா தட்டுப்படுற எலும்பு மேடு வரைக்கும் அளப்பாங்க. 36 சென்டிமீட்டர் வருதுன்னா அதுல 10 சதவீதம், அதாவது 3.6 சென்டிமீட்டர், அந்த மேட்டுல இருந்து மேல போய் பென்சிலால ஒரு புள்ளி வைப்பாங்க. அதுக்கு ஓ-இசட்னு பேரு, பார்வைப் புறணிக்கு நேர் மேல. இடது பக்கம் ஓ-1, வலது பக்கம் ஓ-2, ஒற்றை எண்ணெல்லாம் இடது இரட்டை எண்ணெல்லாம் வலது. எல்லாமே 10 சதவீதம் 20 சதவீதம்னு பிரிக்கறதால இதுக்கு 10-20 முறைன்னு பேரு, ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958ல எழுதி வெச்சது, சின்னத் தலைக்கும் பெரிய தலைக்கும் ஒரே மாதிரி பொருந்தும். அப்புறம் முடியை விலக்கி, சொரசொரப்பான ஜெல்லால தோலைத் தேய்ச்சு, பேஸ்ட் வெச்சு, வெள்ளி-வெள்ளி குளோரைடு எலக்ட்ரோடை அழுத்தி ஒட்டுவாங்க. தேய்க்குறது லேசா எரியும். அதைச் சரியா செய்யலைன்னா மேல எவ்வளவு விலை உயர்ந்த மெஷின் வெச்சாலும் வர்றது குப்பைதான்.

இதுக்கப்புறம் மெஷின் பக்கம் தெரிஞ்சுக்க வேண்டியது மூணு.

1. ஈஈஜி எப்பவும் ரெண்டு இடத்துக்கு நடுவுல இருக்கற வித்தியாசத்தைத்தான் காட்டும். ஓ-இசட்ல 30 மைக்ரோவோல்ட்னா எதோட ஒப்பிட்டுன்னு கேக்கணும்: காது மடலா, உச்சித் தலையா, எல்லா எலக்ட்ரோடோட சராசரியா? ஒப்பிடுற இடத்தை மாத்தினா அதே மூளை அதே நிமிஷத்துல வேற படம் காட்டும்.

2. ரூம்ல இருக்கற வயர், ஃபேன், லைட் எல்லாத்துல இருந்தும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் நம்ம உடம்புல ஏறும். ரெண்டு எலக்ட்ரோட்லயும் ஒரே மாதிரி ஏறுறதை ஆம்ப்ளிஃபயர் கழிச்சு விட்டுடும், மீதி வர்றதை ஃபில்டர் போட்டு எடுக்கணும். இந்த 50ங்கிற நம்பர் பின்னாடி காமா கிட்ட வர்றப்ப நம்மள படுத்தும்.

3. மெஷின் அலையைத் தொடர்ச்சியா பார்க்காது, செகண்டுக்கு 250 இல்ல 500 இல்ல 1000 தடவைன்னு புள்ளி புள்ளியா எடுக்கும். ஒரு அலையைப் பிடிக்கணும்னா அதோட வேகத்தைப் போல ரெண்டு மடங்குக்கு மேல புள்ளி எடுக்கணும். இல்லைன்னா அந்த அலை காணாம போகாது, அதைவிட மோசம், வேற ஒரு மெதுவான அலையா வேஷம் போட்டு வந்து நிக்கும். சினிமாவுல வேகமா ஓடுற வண்டியோட சக்கரம் மெதுவா பின்பக்கமா சுத்துற மாதிரி தெரியும்ல, அதேதான். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில அந்த வீடியோகிட்ட போறப்ப தேவைப்படும்.

கண்ணை மூடினா எழும்புற அலை

மூளையில மின்சாரம் இருக்குன்னு முதல்ல பார்த்தவர் இங்கிலாந்துல லிவர்பூல் டாக்டர் ரிச்சர்ட் கேட்டன், 1875ல, முயல் குரங்கு மூளையில நேரடியா. மனுஷன்ல முதல்ல பதிவு பண்ணவர் ஜெர்மனியில யேனா ஊர் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், 1924ல. அவர் இதுக்குள்ள வந்த கதையே விசித்திரம். 1890கள்ல ராணுவப் பயிற்சியில குதிரையில இருந்து விழுந்து பீரங்கி வண்டிச் சக்கரத்துக்கு அடியில போகாம நூலிழையில தப்பிச்சார், அன்னிக்கே வீட்டுல இருந்து தந்தி, அவரோட அக்காவோ தங்கச்சியோ ஒருத்தங்களுக்கு இவருக்கு ஏதோ ஆச்சுன்னு மனசுல பட்டுச்சாம். மனசுல இருந்து மனசுக்கு ஏதோ போகுதுன்னு நம்பி அந்த சக்தியைத் தேடப் போனவருக்குக் கிடைச்சது ஈஈஜி. தேடுனது கிடைக்கல, கிடைச்சது அதைவிட உருப்படியானது.

அஞ்சு வருஷம் வெளிய சொல்லாம, மண்டையோட்டுல ஓட்டை இருந்த நோயாளிகள், தன் சொந்த மகன் கிளாஸ், எல்லார்கிட்டயும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துட்டு 1929லதான் வெளியிட்டார். செகண்டுக்கு சுமார் 10 தடவை ஏறி இறங்குற பெரிய அலை, கண்ணை மூடினா எழும்பும் திறந்தா அடங்கும். அதுக்கு ஆல்ஃபான்னு பேர் வெச்சார். பெரும்பாலானவங்க நம்பல, மெஷின் கோளாறு இல்ல தசை ஆட்டம்னு நினைச்சாங்க. நோபல் வாங்கின கேம்பிரிட்ஜ் எட்கர் அட்ரியனும் பிரையன் மேத்யூஸும் 1934ல தங்கள் தலையிலயே செஞ்சு பார்த்து இது நிஜம்தான், வர்றது பின்மண்டையில இருந்துதான்னு உறுதி பண்ணாங்க. அட்ரியனுக்கு அலை அழகா வந்துச்சு, மேத்யூஸுக்கு சரியாவே வரல. ரெண்டு பேருமே பெரிய மூளைக்காரங்க. ஆல்ஃபா நல்லா இருந்தா புத்திசாலின்னு சொல்லி ஹெட்பேண்ட் விக்கறவங்க இந்த ஒரு விஷயத்தைப் படிக்கணும். அதே கட்டுரையில ஒரு நீர் வண்டோட பார்வை நரம்பு முடிச்சுலயும் இதே மாதிரி தாளம் வருதுன்னு அட்ரியன் தன் அலைக்குப் பக்கத்துலயே போட்டுக் காட்டினார். மனுஷனுக்கு மட்டும் உரிய உயர்ந்த அலைன்னு பேசுறவங்களுக்கு அந்த வண்டு போதும்.

ஆல்ஃபா எதுக்கு வருதுன்னா, ரொம்ப நாள் அது வேலை இல்லாம நிக்குற இன்ஜின் மாதிரின்னு நினைச்சாங்க. இப்ப பெரும்பாலும் சொல்றது, தேவையில்லாத பக்கத்தை அடக்கி வைக்குற அலைன்னு. ஸ்க்ரீன் நடுவுல கண்ணை வெச்சுட்டு இடது பக்கம் மட்டும் கவனின்னு சொன்னா, இடது பக்கத்தைப் பார்க்குற வலது அரைக்கோளத்துல ஆல்ஃபா குறையும், கவனிக்காத பக்கத்துக்கான அரைக்கோளத்துல கூடும். அப்ப இது சும்மா ரெஸ்ட் அலை இல்ல. வயசோடவும் மாறும், சில மாசக் குழந்தைக்கு இதே இடத்துல 4 ஹெர்ட்ஸ் மாதிரிதான் ஓடும், 3 வயசுல 8 தொடும், அப்புறம் பெரியவங்க அளவான 10 பக்கம் வரும், முதுமையில கொஞ்சம் மெதுவாகும்.

பேருங்க ஒரே மூச்சுல: 4 ஹெர்ட்ஸுக்குக் கீழ டெல்டா, 4 முதல் 8 தீட்டா, 8 முதல் 13 ஆல்ஃபா, 13 முதல் 30 பீட்டா, அதுக்கு மேல காமா. இது அளக்குறவங்க வசதிக்காகப் போட்ட எல்லைக்கோடு, மூளைக்குள்ள இப்படி வேலி எதுவும் இல்ல.

லைட்டை அடிச்சா என்ன வரும்

இதுவரை சொன்னது மூளை தானா போடுற தாளம். வெளிய இருந்து தட்டிப் பார்க்குறது அடுத்தது. செஸ் போர்டு மாதிரி கட்டம் போட்ட ஸ்க்ரீன்ல கறுப்பும் வெள்ளையும் படக்குன்னு இடம் மாறும், மாறின சுமார் 100 மில்லிசெகண்ட் கழிச்சு ஓ-இசட்ல ஒரு சின்ன மேடு வரும், அதுக்கு பி-100னு பேரு. ஒரு தடவை மாறினா ஆல்ஃபா இரைச்சல்ல அது தெரியவே தெரியாது, அதனால 100 தடவை மாத்தி எல்லாத்தையும் கூட்டி சராசரி எடுப்பாங்க. லைட்டோட சேர்ந்து வர்றது அப்படியே நிக்கும், சேராம வர்ற இரைச்சல் பத்துல ஒரு பங்கா சுருங்கிடும். 100க்கு வர்க்கமூலம் 10, அவ்வளவுதான் கணக்கு.

இது சும்மா வித்தை இல்ல. 1972ல லண்டன்ல ஹாலிடே, மெக்டொனால்ட், முஷின் மூணு பேரும் பார்வை நரம்பு அழற்சி வந்தவங்களுக்கு இந்த மேடு தாமதமா வருதுன்னு காட்டினாங்க. பார்வை திரும்ப நல்லா வந்த பிறகும் தாமதம் மட்டும் போகாம இருந்துச்சு, ஏன்னா நரம்பைச் சுத்தி இருக்கற உறை சேதமாயிருக்கு. அந்த உறையைச் சிதைக்குற மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோய் சந்தேகம்னா நரம்பு டாக்டர் விஈபி டெஸ்ட்னு எழுதுவாங்களே, அது இதுதான்.

இப்ப அதே லைட்டை நிறுத்தாம செகண்டுக்கு 12 தடவைன்னு மினுக்கிட்டே இருந்தா? பின்மண்டையிலயும் 12 ஹெர்ட்ஸ், கூடவே அதோட மடங்கான 24 ஹெர்ட்ஸ், ரொம்பத் துல்லியமா எழும்பும். லைட்டை 15 ஆக்கினா அலையும் 15. 2001ல ஒரு ஜெர்மன் ஆய்வுல 1ல இருந்து 100 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒவ்வொண்ணா மினுக்கிப் பார்த்ததுல கிட்டத்தட்ட 90 ஹெர்ட்ஸ் வரைக்கும் மூளை பின்தொடர்ந்துச்சு, நம்ம கண்ணுக்கு மினுக்கமே தெரியாத வேகம் அது. இதை வெச்சுதான் கை அசைக்க முடியாதவங்களுக்கு டைப் அடிக்குற கருவி செய்யறாங்க. 2015ல சீனாவோட சிங்ஹுவா பல்கலைக்கழக குழு 40 எழுத்தை 8 ஹெர்ட்ஸ்ல இருந்து 15.8 ஹெர்ட்ஸ் வரைக்கும் 0.2 ஹெர்ட்ஸ் இடைவெளியில ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்துல மினுக்க வெச்சு, எதைப் பார்க்குறாங்கன்னு பின்மண்டை அலையை வெச்சே கண்டுபிடிச்சாங்க, நிமிஷத்துக்கு 60 எழுத்து வரைக்கும் வந்துச்சு.

இதுல முக்கியமா பிடிச்சுக்க வேண்டியது ஒண்ணு. 12 ஹெர்ட்ஸ் அடிச்சா 12, 15 அடிச்சா 15. அப்ப 40 அடிச்சா 40 வர்றதுல ஆச்சரியம் ஏதாவது இருக்கா? அந்த வீடியோக்காரங்க "பாருங்க ஈஈஜியில 40 ஹெர்ட்ஸ் ஏறிடுச்சு"ன்னு காட்டுறது இதைத்தான். கதவைத் தட்டினா சத்தம் வருது, அதுக்காக வீட்டுக்குள்ள இருக்கறவங்க தாளம் போடறாங்கன்னு ஆகிடாது.

காமாவை அளக்குறது ஏன் இவ்வளவு கஷ்டம்

மூளை தானா போடுற காமாவும் உண்டு. 1989ல ஜெர்மனியில வுல்ஃப் சிங்கரும் சார்லஸ் கிரேயும் பூனையோட பார்வைப் புறணிக்குள்ள எலக்ட்ரோட் வெச்சு, கண்ணு முன்னாடி கோடு நகர்றப்ப சுமார் 40 ஹெர்ட்ஸ் தாளம் எழும்புறதைக் காட்டினாங்க. லைட் எதுவும் 40 தடவை மினுக்கல, சாதாரண கோடுதான், தாளம் உள்ள இருந்து வந்துச்சு. அங்க இருந்துதான் 40 ஹெர்ட்ஸுக்கு ஒரு மவுசு வந்தது, காமாதான் உணர்வு, காமாதான் ஞாபகம்னு.

பூனை மூளைக்குள்ள பார்க்குறது வேற, மனுஷத் தலை மேல இருந்து பார்க்குறது வேற. வேகம் கூடக் கூட அலையோட உயரம் தானாவே குறைஞ்சுட்டே போகும், காமா ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் கீழ போயிடும். அந்த உயரத்துல போட்டிக்கு வர்றவங்க இவங்க:

1. தசை. நெத்தி, தாடை, கழுத்து தசை எல்லாம் 20 ஹெர்ட்ஸுக்கு மேல சத்தம் போடும், பின்மண்டை எலக்ட்ரோடுக்குக் கீழயே கழுத்துத் தசை. 2007ல ஆஸ்திரேலியாவுல இதைச் சந்தேகமில்லாம காட்டுறதுக்கு சுயநினைவோட இருக்கற தன்னார்வலர்களுக்கே தசையை முடக்குற மருந்து குடுத்து ஈஈஜி எடுத்தாங்க. மருந்து வேலை செஞ்சதும் 20 ஹெர்ட்ஸுக்கு மேல இருந்ததுல பெரும்பகுதி காணோம். அதுவரை மூளையோடதுன்னு நினைச்சதுல நிறைய தசையோடது.

2. கண்ணு. நாம ஒரு புள்ளியை முறைச்சுப் பார்த்தாலும் கண்ணு குட்டிக் குட்டியா துள்ளிட்டுதான் இருக்கும். 2008ல இஸ்ரேல் ஆராய்ச்சியாளர்கள், படம் காட்டினதுக்கு அப்புறம் தலைத்தோல்ல வர்ற பிரபலமான ஒரு வகை காமா எழுச்சி, இந்தக் கண் துள்ளலோட மின் தடயம்தான்னு காட்டிட்டாங்க. அதை நம்பி எழுதின கட்டுரைங்களை எல்லாம் திரும்பப் படிக்க வேண்டியதாச்சு.

3. கரண்ட். நம்ம 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸ், காமாவுக்கு நட்ட நடுவுல.

அப்ப அளக்கவே முடியாதான்னா, முடியும், கோடுகள் நிறைஞ்ச பெரிய படத்தைக் காட்டினா. பெங்களூர் ஐஐஎஸ்சி-யில சுப்ரதிம் ரே குழு இதைத்தான் செய்யறாங்க. ஸ்க்ரீன் முழுக்க கறுப்பு வெள்ளைக் கோடு காட்டினா பார்வைப் புறணியில ஒண்ணு இல்ல ரெண்டு காமா வருதுன்னு 2018ல குரங்குலயும் மனுஷங்கள்லயும் காட்டினாங்க, மெதுவானது சுமார் 20 முதல் 34 ஹெர்ட்ஸ், வேகமானது சுமார் 36 முதல் 66. 2020ல ஆரோக்கியமான முதியவங்ககிட்டயே வயசோட இது குறையுதுன்னும், 2021ல ஞாபகக் குறைவு இருக்கறவங்ககிட்ட அதே வயசு ஆட்களைவிடக் குறைவா இருக்குன்னும் வெளியிட்டாங்க. நோயாளிகள் எண்ணிக்கை சின்னதுதான், ஆனா கண் துள்ளல், தசை எல்லாத்தையும் சரிபார்த்து ஒழுங்கா செஞ்ச வேலை. கவனிங்க, இங்க எதையும் 40 ஹெர்ட்ஸ்ல மினுக்கல, அசையாத கோடு, மூளை தானா போட்ட தாளம்.

எலக்ட்ரோடை விட்டா, மூளை மின்சாரம் உண்டாக்குற காந்தப்புலத்தை அளக்குற எம்ஈஜி-ன்னு ஒண்ணு உண்டு, 1968ல டேவிட் கோஹென் முதல்ல ஆல்ஃபாவை அப்படிப் பிடிச்சார். மண்டையோடு காந்தப்புலத்தை அவ்வளவா கலைக்காது, அதனால காமாவுக்கு இது இன்னும் தேவலை. ஆனா பூமியோட காந்தப்புலத்துல கோடியில ஒரு பங்கைவிடச் சின்னதைத் தேடணும், ரூமையே உலோகக் கவசத்துக்குள்ள கட்டணும், எல்லா ஊர்லயும் வைக்க முடியாது.

இப்ப அந்த 40 ஹெர்ட்ஸ் லைட்

2016ல எம்ஐடி-யோட லி-ஹுவேய் ட்சாய் குழு, அல்சைமர் வர்ற மாதிரி மரபணு மாத்தின எலிகளுக்கு ஒரு மணி நேரம் 40 ஹெர்ட்ஸ் லைட் காட்டினாங்க, பார்வைப் புறணியில அமிலாய்டுங்கிற கழிவுப் புரதம் குறைஞ்சுச்சு. ஒரு நாளுக்குள்ள திரும்பப் பழைய அளவுக்கு வந்துடுச்சு, தினமும் காட்டினா பலன் நீடிச்சது. குறைஞ்சது பார்வைப் பகுதியில, ஞாபகத்துக்கான ஹிப்போகேம்பஸ்ல இல்ல, அதனாலதான் பின்னாடி 40 ஹெர்ட்ஸ் சத்தத்தையும் சேர்த்தாங்க. மனுஷங்கள்ல நூற்றுக்கணக்கான பேரை வெச்சு ஒரு பெரிய சோதனையும் ஆரம்பிச்சாங்க.

நம்ம நியூஸ் இதோட நிறுத்திடுது. அடுத்து நடந்தது யாரும் ஃபார்வர்டு பண்ணல:

1. 2021ல இங்கிலாந்துல பர்மிங்ஹாம் குழு மனுஷங்ககிட்ட எம்ஈஜி வெச்சு ஒரு நல்ல கேள்வி கேட்டாங்க. கோடு காட்டி மூளையோட சொந்தக் காமாவை எழுப்பி விட்டு, அது ஓடிட்டு இருக்கப்பவே அந்தக் கோட்டையே வேகமா மினுக்கினா, சொந்தக் காமா லைட்டோட தாளத்துக்கு மாறுமா? மாறல. சொந்தக் காமா அது பாட்டுக்கு ஓடுச்சு, லைட்டுக்கான அலை தனியா பக்கத்துலயே ஓடுச்சு. ஒரே பார்வைப் புறணியில ரெண்டு தாளம், ஒண்ணு இன்னொண்ணைக் கண்டுக்கல.

2. 2023ல நியூயார்க் பல்கலைக்கழகத்துல புஜாகி குழு அதே வகை எலிகளுக்குள்ள எலக்ட்ரோட் வெச்சுப் பார்த்தாங்க. 40 ஹெர்ட்ஸ் லைட் எலியோட சொந்தக் காமாவைப் பிடிக்கல, அமிலாய்டும் நம்பகமா குறையல, அதுக்கு மேல, வழி இருந்தா எலிங்க அந்த லைட்டை விட்டு விலகிப் போகுது.

3. ட்சாய் குழுவும் விடல, 2024ல லைட்டும் சத்தமும் சேர்ந்தா மூளையில திரவ ஓட்டம் கூடி கழிவு வெளியேறுதுன்னு எலியில காட்டினாங்க. அப்படின்னா பலன் இருந்தாலும் வழி வேற, காமா ஏறினதாலதான் ஆச்சுன்னு சொல்ல முடியாது.

ஐஐஎஸ்சி பார்த்தது குறையுற சொந்தக் காமா, லைட் கொண்டு வர்றது பின்தொடர்ற அலை. ரெண்டுக்கும் ஒரே பேர் ஒட்டினதாலதான் குறைஞ்சதை லைட் போட்டு நிரப்பிடலாம்னு தோணுது. லேப்ல இன்னும் சண்டை முடியல, என் பார்வையில 2021 சோதனைதான் இதுல கனமானது, ஏன்னா அது ரெண்டையும் ஒரே தலையில ஒரே நேரத்துல வெச்சுப் பார்த்துச்சு.

அந்த வீடியோவுல ஓடுறது 40ஏ இல்ல

லேப் சண்டை எப்படி முடிஞ்சாலும் ஃபார்வர்டு வீடியோவுக்கு அதோட சம்பந்தமே இல்ல, மேல புள்ளி எடுக்குறது பத்திச் சொன்ன கணக்கை இங்க போட்டுப் பாருங்க. யூட்யூப் வீடியோ பெரும்பாலும் செகண்டுக்கு 30 ஃபிரேம், நல்லதுன்னா 60. 40 ஹெர்ட்ஸ் மினுக்கத்துக்கு ஒவ்வொரு சுத்துலயும் ஒரு வெளிச்சம் ஒரு இருட்டுன்னு குறைஞ்சது ரெண்டு ஃபிரேம் வேணும், அதாவது 80. 30 ஃபிரேம்ல 40 ஹெர்ட்ஸைத் திணிச்சா அது 10 ஹெர்ட்ஸா வேஷம் போடும், 60 ஃபிரேம்ல திணிச்சா 20 ஹெர்ட்ஸா. போன் ஸ்க்ரீன் 120 ஹெர்ட்ஸா இருந்தாலும் ஃபைலுக்குள்ள இல்லாத ஃபிரேம் எங்க இருந்து வரும்.

இந்த 20ங்கிற நம்பர் சும்மா விடற நம்பர் இல்ல. வெளிச்ச மினுக்கத்தால வலிப்பு வர்ற ஆளுங்களுக்கு அதிகம் தூண்டுறது 15ல இருந்து 25 ஹெர்ட்ஸ் வரைக்கும். 1997 டிசம்பர் 16, ஜப்பான்ல டிவியில போக்கிமான் கார்ட்டூன்ல சிவப்பும் நீலமும் மாறி மாறி சுமார் 12 ஹெர்ட்ஸ்ல சில செகண்ட் மினுக்கினதுக்கே 685 பேரை, பெரும்பாலும் குழந்தைங்களை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. அதுல நிறைய பேருக்கு அதுக்கு முன்னாடி வலிப்பு வந்ததே இல்ல. டிவிக்கும் வெப்சைட்டுக்கும் செகண்டுக்கு 3 தடவைக்கு மேல மினுக்கக் கூடாதுன்னு பல இடங்கள்ல வழிகாட்டு விதி வெச்சிருக்கறது இந்த மாதிரி ஆபத்துக்காகத்தான். ஈஈஜி ரூம்லயும் இதே மாதிரி லைட்டை மினுக்கிப் பார்ப்பாங்க, ஆனா அங்க டெக்னீஷியன் திரையில அலையைப் பார்த்துட்டே இருப்பாங்க, முள்ளு மாதிரி ஏதாவது எழும்பினா அந்த செகண்டே லைட்டை அணைச்சிடுவாங்க. வீட்டுல ரூமை இருட்டாக்கி முகத்துக்கு நேரா போனைப் பிடிச்சு ஒரு மணி நேரம் பார்க்குற தாத்தாவுக்கோ பேத்திக்கோ பக்கத்துல அப்படி யாரும் உக்காந்திருக்க மாட்டாங்க.